பிரம்பை வென்ற ஒரு ஓட்டு!

"பள்ளிக்கூடத்தில் பிரம்பு வேண்டாம்" என்று 231 பேர் சொன்னார்கள். "வேண்டும்" என்று 230 பேர் சொன்னார்கள். ஒரே ஒரு ஓட்டில் பிரம்பு தோற்றது!

இது நடந்தது இங்கிலாந்து பார்லிமெண்டில். 1986-ம் ஆண்டு ஜூலை 22-ந் தேதி.

மறுநாள் லண்டனில் அரச குடும்பத்துத் திருமணம். வீதிகளில் ஒரே நெரிசல். பிரம்பை ஆதரித்த சில உறுப்பினர்கள் அந்த நெரிசலில் சிக்கிக்கொண்டார்கள், அதனால்தான் பிரம்பு தோற்றது என்று பிறகு பேசிக்கொண்டார்கள். ஆனால் பிரம்பின் ஆட்டம் அதற்குப் பத்து ஆண்டுகளுக்கு முன்பே காணத் தொடங்கிவிட்டது.

கல்லறைத் தோட்டத்துக் குறுக்கு வழி

ஸ்காட்லாந்தில் கவுடன்பீத் என்று ஒரு சிற்றூர். 1976-ம் ஆண்டு அங்கே 15 வயது மாணவன் ஒருவன் பள்ளி விட்டதும் வீட்டுக்குக் கிளம்பினான். சீக்கிரம் போய்ச் சேரலாம் என்று கல்லறைத் தோட்டத்தின் குறுக்கே போகப் பார்த்தான். அந்த வழியாகப் போகக்கூடாது என்பது பள்ளியின் உத்தரவு. "நாளைக்கு வந்து அடி வாங்கிக்கொள்" என்றார்கள்.

அந்த நாட்டுப் பள்ளிகளில் அடிப்பதற்குத் தடித்த தோல்வார் வைத்திருந்தார்கள். அதன் நுனி இரண்டு மூன்றாகக் கிழிக்கப்பட்டிருக்கும். பிள்ளை கையை நீட்டவேண்டும். உள்ளங்கையில் அடி விழும். பக்கத்து ஊரான லாக்கெல்லி, இந்தத் தோல்வார் செய்வதற்கே பேர்போன ஊர்!

மறுநாள் மாணவன் போனான். ஆனால் கையை நீட்டவில்லை. "அடி வாங்காதே" என்று தந்தை சொல்லி அனுப்பியிருந்தார். உடனே அவனைப் பள்ளியிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். "இனி அடிக்கமாட்டோம் என்று உறுதி கொடுங்கள்" என்று பெற்றோர் கேட்டார்கள். உறுதி கிடைக்கவில்லை. அவன் பிறகு பள்ளிக்குப் போகவே இல்லை!

இரண்டு தாய்மார்கள்

அவனுடைய தாயார் ஐரோப்பிய மனித உரிமை கோர்ட்டுவரை போனார். இன்னொரு தாயாரும் சேர்ந்துகொண்டார். இவருடைய மகன் அடி வாங்கியதே இல்லை. "என்றைக்கும் அடிக்கக்கூடாது" என்பதுதான் இவர் கேட்டது.

1982-ம் ஆண்டு தீர்ப்பு வந்தது. "பிள்ளையை அடிக்கக்கூடாது என்பது பெற்றோரின் கொள்கை. சர்க்கார் அதை மதிக்கவேண்டும்" என்றது கோர்ட்டு. படிப்பை இழந்த மாணவனுக்கு 3 ஆயிரம் பவுன் கொடுக்கும்படி மறு ஆண்டு உத்தரவிட்டது.

இங்கிலாந்து சர்க்காருக்குத் தலைவலி பிடித்தது. அடிக்கலாம் என்ற பெற்றோரின் பிள்ளைக்கு அடி, வேண்டாம் என்ற பெற்றோரின் பிள்ளைக்கு மன்னிப்பு என்றால், ஒரே வகுப்பில் இரண்டு சட்டமா?

இரண்டு கட்சி

பிரம்பை ஆதரித்தவர்கள் சொன்னது இது:

"வகுப்பிலே ஒருவன் கலாட்டா செய்தால் எல்லாருடைய படிப்பும் கெடுகிறது. அவனைப் பள்ளியை விட்டே விரட்டுவதா? இரண்டு அடி கொடுத்தால் அத்தோடு தீர்ந்தது. படிப்பும் நிற்காது. பள்ளியிலே ஆசிரியர்தானே தாய் தந்தை?"

எதிர்த்தவர்கள் விடவில்லை.

"அடி வாங்கியவர்களின் பெயரைப் பள்ளியில் தண்டனைப் புத்தகத்தில் எழுதுகிறீர்கள். அதைப் புரட்டிப் பாருங்கள். அதே பெயர்கள்தானே திரும்பத் திரும்ப வருகின்றன? நோய் தீராதபோது அது என்ன மருந்து?" என்று கேட்டார்கள்.

இன்னொன்றும் கேட்டார்கள். "குற்றவாளிக்குக் கோர்ட்டு சவுக்கடி தண்டனை விதிக்கும் வழக்கத்தை 1948-ம் ஆண்டிலேயே ஒழித்துவிட்டோம். திருடனுக்கு இல்லாத அடி, வீட்டுப் பாடம் எழுதாத பிள்ளைக்கு மட்டும் ஏன்?"

இப்படிக் கேட்டவர்களில் ஆசிரியர்களும் உண்டு. அடியை ஒழிப்பதற்கென்றே ஆசிரியர்கள் 1968-ம் ஆண்டில் ஒரு சங்கம் அமைத்தார்கள்.

வழக்கு திரும்பியது

1987-ம் ஆண்டு ஆகஸ்டு 15-ந் தேதி சட்டம் அமலுக்கு வந்தது. சர்க்கார் பள்ளிகளில் பிரம்பு மறைந்தது. தனியார் பள்ளிகளுக்கும் தடை பிறகு வந்தது. வடக்கு அயர்லாந்தில் 2003-ம் ஆண்டில்தான் அது முழுமை பெற்றது.

இதில் ஒரு வேடிக்கை! சில தனியார் பள்ளிகளின் பெற்றோரும் ஆசிரியர்களும் கோர்ட்டுக்குப் போனார்கள். "பிள்ளையை அடித்து வளர்ப்பது எங்கள் மத நம்பிக்கை. பெற்றோரின் கொள்கையை மதிக்கவேண்டும் என்று நீங்கள்தானே சொன்னீர்கள்?" என்று கேட்டார்கள்.

2005-ம் ஆண்டு லண்டன் பிரபுக்கள் சபை நீதிபதிகள் அதை ஏற்கவில்லை. பெற்றோரின் நம்பிக்கை இருக்கட்டும், பிள்ளைகளைக் காப்பதற்காகத் தடை போடப் பார்லிமெண்டுக்கு உரிமை உண்டு என்று சொல்லிவிட்டார்கள்.

முதலில், ஆசிரியர் பெரியவரா பெற்றோர் பெரியவரா என்று வழக்கு நடந்தது. முடிவில் வென்றது பிள்ளை!

நம் நாட்டிலும் இதே முடிவுதான். 2009-ம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டம், பிள்ளையை அடிப்பதை மட்டும் தடுக்கவில்லை. மனம் நோகும்படி வதைப்பதையும் தடுக்கிறது. "கண்ணை மட்டும் விட்டுவிட்டு, தோலை உரித்துவிடுங்கள் சார்" என்று பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கும்போது சொல்லும் வழக்கம் நம் ஊர்களில் உண்டு. அப்படிப் பெற்றோரே சொன்னாலும், அடிக்க ஆசிரியருக்கு உரிமை கிடையாது.