துறைமுகக் கணக்குகள் – 9: கடலுக்கு அப்பால் நிற்கும் பாக்கி

திருகோணமலைச் சீனன்குடாவில் தச்சுப் பட்டறை வைத்திருக்கும் அண்ணை ஒருவர் போன வாரம் தன் கடன் கொப்பியை என் மடியில் வைத்தார். மழை நனைத்து ஓரம் சுருண்ட கொப்பி. எட்டுக் கதவு நிலை, பன்னிரண்டு ஜன்னல் என்று பென்சிலால் எழுதியிருந்தது. முற்பணம் வந்த திகதியும் இருந்தது. மிச்சத்துக்கு நேரே ஒன்றும் இல்லை.

"வீடு குடிபூந்து எட்டு மாசம், தம்பி. ஆள் கனடாவில. போன் எடுத்தா 'அடுத்த மாசம் கட்டாயம் அண்ணை' எண்டுறான்."

"கையெழுத்து ஏதும் வாங்கினீங்களா?"

"ஊர்ப் பொடியன். கையெழுத்துக் கேட்டா என்ன நினைப்பான்?"

அந்தக் கேள்விதான் என்னை இந்த வாரம் எழுத வைத்தது. பட்டறைக்கு அங்கால, காட்டுக்குள், வெள்ளைக்காரன் 1930களில் தன் கடற்படைக்காகக் கட்டிய எண்ணெய்க் குதங்கள் நிற்கின்றன. 1942 ஏப்ரல் 9 யப்பானியக் குண்டுவீச்சுக்குத் தப்பியவை, இன்று 99. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 12,000 கிலோலீற்றர் கொள்ளும். 2022 ஜனவரி ஒப்பந்தப்படி அவற்றில் 24 பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு, 14 லங்கா ஐஓசிக்கு, மிச்சம் 61 இரண்டும் சேர்ந்த கம்பனிக்கு.

அந்தக் கூட்டுத்தாபனமே கடல் கடந்த ஒரு கடன்காரன். ஈரானிடமிருந்து வாங்கிய எண்ணெய்க்கு 251 மில்லியன் டொலர் பாக்கி. அந்த எண்ணெய் வந்தது இந்தக் குடாவுக்கு அல்ல, கொழும்புப் பக்கம், சப்புகஸ்கந்த சுத்திகரிப்பு நிலையத்துக்கு. அமெரிக்கத் தடை இறுகியதும் காசை அனுப்ப வங்கி வழி அடைபட்டது. கணக்கு வருடக்கணக்கில் அப்படியே கிடந்தது.

2021 டிசம்பரில் இரு நாடுகளும் ஒரு வழிக்கு வந்தன: மாதம் 5 மில்லியன் டொலர் பெறுமதியான தேயிலை. தேயிலை உணவுப் பொருள், அதனால் தடைக்குள் வராது என்றது இலங்கை. ஏற்றுமதி செய்பவருக்குக் கூட்டுத்தாபனம் இங்கே ரூபாயில் கொடுக்கும். ஈரானில் தேயிலையை வாங்குபவர் அங்கே ரியாலில் தேசிய எண்ணெய்க் கம்பனிக்குக் கட்டுவார். ஒரு டொலர்கூடக் கடல் தாண்ட வேண்டியதில்லை. இந்த யோசனையை நான் உண்மையாகவே மெச்சுகிறேன். கடன்காரன் கையில் எது இருக்கிறது, கடன் கொடுத்தவன் வீட்டில் எது செலவாகும் என்று இரண்டு பக்கமும் பார்த்துச் செய்த கணக்கு அது. ஈரானியர் தேநீர்ப் பிரியர்கள், இலங்கைத் தேயிலைக்குப் பழைய வாடிக்கையாளர்கள்.

ஆனாலும் உடனே நடக்கவில்லை. அடுத்த வருடம் ஏப்ரல் 12 அன்று நாடே வெளிநாட்டுக் கடன் கட்டுவதை நிறுத்தியது. பெற்றோல் ஏற்றிய கப்பல் ஒன்று காசு கிடைக்காமல் மார்ச் கடைசியிலிருந்து வாரக்கணக்காக நங்கூரத்தில் நின்றது. அதே கப்பல்காரருக்கு ஜனவரிச் சரக்குக்கான 53 மில்லியன் டொலரும் பாக்கி என்று மே மாதம் அமைச்சர் பாராளுமன்றத்தில் சொன்னார். பழைய பாக்கியைத் தீர்க்காதவனுக்குப் புதுச் சரக்கு இறக்க யார்தான் துணிவார்? நாங்கள் பெற்றோல் செட்டில் வரிசையில் நின்ற நாட்களுக்குப் பின்னால் இப்படியான கடன் கொப்பிகளும் இருந்தன. தேயிலை 2023இல்தான் கப்பலேறியது. அந்த வருடக் கடைசியில் கழிந்திருந்தது சுமார் 20 மில்லியன்.

அந்தத் தவணையில் மிச்சம் தீர வருடங்கள் பிடிக்கும். ஆனால் தொகை எழுத்தில் இருக்கிறது, தவணை எழுத்தில் இருக்கிறது. அண்ணையின் கொப்பியில் இல்லாதது அதுதான்.

1871ஆம் ஆண்டின் காலவிதிப்புக் கட்டளைச் சட்டம் நம் நாட்டில் இன்றும் நடைமுறையில் உள்ளது. கடைக் கொப்பிக் கடனுக்கும் கைவினைஞர் கூலிக்கும் அது தரும் காலம் பொதுவாக ஒரு வருடம். எழுத்தில் கொடுத்த வாக்குக்கு ஆறு வருடம். கூலிக்காரனுக்குத்தான் மிகக் குறுகிய தவணை என்பது எனக்கு ஆறவில்லை. கடன்காரன் தன் கையெழுத்தோடு கடனை ஒப்புக்கொண்டால் காலம் புதிதாக எண்ணப்படும்.

இதைச் சொன்னதும் அண்ணை விரல் மடக்கி எண்ணினார். "அப்ப நாலு மாசம் கிடக்கு."

நிலாவெளியில் அந்தப் பொடியனின் அக்கா இருக்கிறார். தம்பியின் தென்னங்காணியை அவர்தான் பார்க்கிறார். காய் விற்ற காசு அவர் கையில்தான் தங்குகிறது. ஞாயிற்றுக்கிழமை இருவரும் அங்கே போனோம். அக்கா தேத்தண்ணி தந்தார், கொப்பியை இரண்டு தரம் வாசித்தார், அங்கேயே தம்பிக்குப் போன் போட்டார். "அண்ணையின்ட தொகைய எழுதி, கையெழுத்து வச்சு இண்டைக்கே அனுப்படா. காய்க்காசில மாசாமாசம் நான் குடுக்கிறன்."

புதன்கிழமை கடிதம் வந்தது. அண்ணை அதை நகல் எடுத்து, கொப்பியின் அந்தப் பக்கத்தில் பசை போட்டு ஒட்டி வைத்திருக்கிறார்.