மேட்டில் நிற்கும் வண்டியும் தளர்ந்த கைப்பிரேக்கும்

நாகர்கோவிலிலிருந்து காய்கறி ஏற்றிக்கொண்டு களியக்காவிளை வழியாகத் திருவனந்தபுரம் சாலை பஜாருக்கு வந்து சேரும் பிக்கப் வண்டி, சமதளத்தில் நிற்கும்வரை தன் குறையைக் காட்டுவதில்லை. மிச்சச் சரக்குடன் குடப்பனக்குன்று போன்ற மேட்டுப் பகுதிக்கு ஏறி, ஒரு கடை வாசலில் நிற்கும்போதுதான், லிவரைக் கடைசிப் பல்வரை இழுத்தும் வண்டி மெல்லப் பின்னோக்கி நழுவுவது தெரியவருகிறது. ஓட்டுநர் ஒரு செங்கல்லைச் சக்கரத்தடியில் செருகிவிட்டு மூட்டை இறக்கப் போகிறார். அந்தச் செங்கல் நொறுங்கினால், கீழே நடந்துவரும் பள்ளிப் பிள்ளைகளுக்கு யார் ஜவாப்தாரி?

பெரும்பாலான பிக்கப்களில் கைப்பிரேக் என்பது பின்சக்கர டிரம்முக்குள் இருக்கும் லைனர்களைக் கேபிளால் இழுத்து விரிக்கும் ஏற்பாடுதான். லைனர் தேய்ந்தாலும், கேபிள் நீண்டாலும், மழைநீர் அதன் உறைக்குள் புகுந்து துருப்பிடித்தாலும், ஆக்ஸில் சீல் கசிந்து எண்ணெய் பரவினாலும் பிடி தளரும். காரணத்தைத் தேடாமல் கேபிள் நட்டை மட்டும் இரண்டு சுற்று முறுக்கி அனுப்பிவிடுவது சில பட்டறைகளில் வழக்கமாகிவிட்டது. அது பழுதுபார்ப்பதன்று, பழுதை மறைப்பது. அளவுக்கு மீறி முறுக்கிய கேபிளால் லிவரை இறக்கிய பின்னும் லைனர் உரசிக்கொண்டே இருந்து, டிரம் கொதித்து, ஓட்டத்திலேயே பிரேக் கெடவும் கூடும். முன்சக்கரங்களுக்குக் கட்டை போட்டு, பின்புறத்தை ஜாக்கியில் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தி, டிரம்மைக் கழற்றி லைனரைப் பார்த்து, அதன் இடைவெளியைச் சரிசெய்த பிறகே கேபிளுக்கு வரவேண்டும். லிவரை இறக்கினால் சக்கரம் தாராளமாகச் சுழல வேண்டும், ஏற்றினால் அசையாமல் நிற்க வேண்டும்.

சட்டம் இதில் தெளிவாகவே இருக்கிறது. 1988ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 126ஆம் பிரிவுப் பிரகாரம், ஓட்டுநர் இருக்கையில் லைசென்ஸ் உள்ளவர் இல்லாதபோது, இன்ஜினை நிறுத்தி, பிரேக் போட்டோ வேறு தடுப்புச் செய்தோ, வண்டி தானாக நகராதபடி பார்த்துக்கொள்வது கட்டாயம். 190ஆம் பிரிவோ, தெரிந்த குறையுடன் மட்டுமல்ல, சாதாரணக் கவனம் செலுத்தியிருந்தால் தெரிந்திருக்கக்கூடிய குறையுடன் வண்டியை ஓட்டுவதையும், ஓட்டவிடுவதையும் குற்றமாக்குகிறது. ஆகவே, கூலிக்கு ஓட்டுபவர் பலமுறை சொல்லியும் அடுத்த மாதம் பார்க்கலாம் என்று அனுப்பிவைக்கும் முதலாளியும் தப்ப முடியாது. ஓட்டுநர் குறையை வாட்ஸ்அப்பிலாவது எழுத்தில் சொல்லிவைப்பது நல்லது. விபத்தில் காயமுற்றவரோ, இறந்தவரின் குடும்பத்தாரோ மோட்டார் விபத்து நஷ்டஈட்டுத் தீர்ப்பாயத்தை நாடலாம்.

பணம் வாங்கிக்கொண்டு அரைகுறையாகச் செய்த பட்டறைக்காரரையும் கேட்க வழியுண்டு. சொந்த வண்டியைத் தானே ஓட்டி ஜீவனம் நடத்துபவரை 2019ஆம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வியாபாரி என்று ஒதுக்குவதில்லை. திருவனந்தபுரம் வழுதக்காட்டிலுள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு வருஷத்துக்குள் புகார் கொடுக்கலாம், 1915 என்ற தேசிய உதவி எண்ணையும் அழைக்கலாம். அதற்குத் துண்டுச்சீட்டு போதாது. என்ன குறை, எதை மாற்றினார்கள் என்று எழுதிய பில்லையும், கழற்றிய பழைய லைனரையும் பட்டறையை விட்டுக் கிளம்புமுன் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.