ரேடியோ விளம்பர உபத்திரவம்

திருச்சியிலிருந்து சென்னைக்குச் செல்லும் பெருஞ்சாலையில், பெரம்பலூருக்குத் தெற்கே இருக்கிறது பாடாலூர். மக்காச்சோளமும் பருத்தியும் சின்ன வெங்காயமும் விளையும் பிரதேசம். திருச்சி ரேடியோ நிலையங்களின் குரல் அங்குள்ள தேநீர்க் கடைகளிலும் அவ்வழிச் செல்லும் பஸ்களிலும் ஓயாமல் கேட்கிறது. அக்குரல் சொல்வதுதான் என்ன? நகைக் கடை, ஜவுளிக் கடை, வீட்டுமனை. மறுபடியும் நகைக் கடை. ஒரே வாசகம், ஒரே மெட்டு, ஒரே கூச்சல். பாட்டுகளுக்கு இடையே விளம்பரம் வருகிறது என்பதைவிட, விளம்பரங்களுக்கு இடையே பாட்டு வருகிறது என்பதே பொருந்தும்.

திரும்பத் திரும்பச் சொல்வதே குற்றமென்று நாம் வாதிக்க வரவில்லை. 1939-ல் தொடங்கிய திருச்சி வானொலி நிலையம், 1960-களில் ஆடுதுறை 27 என்னும் நெல் ரகத்தைப்பற்றி விவசாயிகளுக்கு விடாமல் எடுத்துரைத்தது. தஞ்சைக் குடியானவர்களிடையே அதற்கு 'ரேடியோ நெல்' என்றே பெயர் வழங்கலாயிற்று. கேட்டவனுக்குப் பிரயோஜனம் இருந்தது. 1967-ல் விவித பாரதியில் விளம்பரம் புகுந்தது. 2001 முதல் தோன்றிய தனியார் எப்.எம். நிலையங்களுக்கோ அதுவே ஜீவனம். நேரத்தைப் பத்து விநாடித் துண்டுகளாக விற்கிறார்கள். வாங்கும் வியாபாரிக்கு எத்தனை தடவை ஒலித்தது என்பதே கணக்கு. கேட்பவர் அந்த ஒப்பந்தத்தில் கட்சிக்காரரே அல்லர்.

பத்திரிகையிலும் விளம்பரம் வருகிறதே எனலாம். வருகிறது, அஃதின்றேல் பத்திரிகை நடவாது. ஆனால் வாசகர் தாளைப் புரட்டிவிடலாம். பஸ்ஸில் ஜன்னலோரம் அகப்பட்டவர் என்ன செய்வார்? கண்ணுக்கு இமை உண்டு, காதுக்கு இல்லை.

1995 பிப்ரவரி 9-ந் தேதி, கிரிக்கெட் ஒளிபரப்பு சம்பந்தமான வழக்கில், வானலைகள் பொதுஜனச் சொத்து என்று சுப்ரீம் கோர்ட்டார் தீர்ப்பளித்தார்கள். சொத்து நம்முடையதாயின், அதை அனுபவிப்போருக்கு வரம்பு விதிக்கும் உரிமையும் நம்முடையதே. கல்லூரிகளும் தொண்டு ஸ்தாபனங்களும் நடத்தும் சமுதாய வானொலிக்கு 2006-ல் மணிக்கு 5 நிமிஷம் விளம்பரம் என்று சர்க்கார் நிர்ணயித்தார்கள்; 2024-ல் அது 12 நிமிஷமாயிற்று. ஏழை நிலையத்துக்கு இந்தக் கட்டுப்பாடு. பணம் படைத்த வியாபார நிலையங்களுக்கோ அத்தகைய நிமிஷக் கணக்கு இல்லை! விளம்பர ஒழுங்கு விதிகள் அவற்றுக்கும் உண்டுதான். ஆனால் அவை எதைச் சொல்லலாகாது என்று கூறுகின்றனவேயன்றி, எத்தனை தடவை சொல்லலாம் என்று கூறக் காணோம்.

டில்லியிலுள்ள செய்தி ஒலிபரப்பு இலாகா இவ்விஷயத்தைக் கவனிக்கவேண்டும். எல்லா நிலையங்களுக்கும் மணிக்கு 12 நிமிஷம். ஒரே விளம்பரம் ஒரு மணிக்குள் இரண்டு தடவைக்கு மேல் ஒலிக்கலாகாது. இவ்விரண்டையும் லைசென்ஸ் நிபந்தனைகளில் சேர்த்தாற் போதும். வருமானம் குன்றிவிடுமென்று நிலையத்தார் முறையிடுவார்கள். சரக்குக் குறைந்தால் விலை ஏறுமென்பதைப் பாடாலூர் வெங்காயக் குடியானவரே அவர்களுக்கு விளக்கிச் சொல்வார்.