குதிரை வாங்கப் போனேன்... ஆணி வாங்கி வந்தேன்!

"அந்தியூர் போய் ஒரு குதிரை பார்த்துட்டு வரேன்" என்றதும், என் வீட்டுக்காரர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமலே கேட்டார்: "கார் நிறுத்தவே இடமில்லாம அபார்ட்மென்ட்ல தினம் சண்டை. குதிரையை எங்கே கட்டுவே... மொட்டை மாடியிலா?"

கேள்வி நியாயம்தான். பி.காம். படித்தவள் நான். வரவுக்கு மீறிச் செலவு எழுதக் கூடாது என்று தெரியும். ஆனால், ஒன்றரை வருஷமாக ஞாயிற்றுக்கிழமை தோறும் வாடகைக் குதிரையில் ஏறி, மூன்று தடவை விழுந்து, ஒரு தடவை மாவுக்கட்டும் போட்டுக்கொண்டவளுக்குச் சொந்தமாக ஒன்று வேண்டும் என்று ஆசை வராதா? சீட்டுப் பணம் வேறு கைக்கு வந்திருந்தது. பஸ் ஏறிவிட்டேன்.

ஈரோடு மாவட்டத்து அந்தியூரில் குருநாதசுவாமி கோயில் ஆடித் திருவிழா என்றால், கூடவே குதிரைச் சந்தையும் மாட்டுச் சந்தையும் உண்டு. திப்பு சுல்தான் படைக்கே இங்கேதான் குதிரை வாங்கினார்கள் என்று ஊரில் சொல்கிறார்கள். இப்போது வந்திருப்பது செல்ஃபி எடுக்கிற படை!

பார்க்கிற பக்கமெல்லாம் குதிரை. காது நுனி இரண்டும் உள்பக்கமாக வளைந்து ஒன்றையொன்று தொடுகிற மார்வாரி, காத்தியவாரி. ரோஸ் தோலும் வெள்ளை முடியுமாக நுக்ரா. மேளச் சத்தத்துக்குக் கால் மாற்றி மாற்றி ஆடுகிறது ஒன்று. அந்தப் பக்கம் துண்டுக்குள் கையை விட்டு, விரலைப் பிடித்தே விலை பேசுகிறார்கள். பில் இல்லை, வவுச்சர் இல்லை. எந்த ஆடிட்டர் வந்தாலும் தோற்றுத்தான் போவார்!

வாங்க வந்தவர்கள் முதலில் சுழி பார்க்கிறார்கள், அப்புறம் பல். இரண்டரை வயசில் பால் பல் விழ ஆரம்பித்து, ஐந்து வயசில் முன்பற்கள் எல்லாம் புதுசாகிவிடும். அதற்கப்புறம் தேய்மானத்தை வைத்துத்தான் வயசுக் கணக்கு. நாங்கள் படித்த 'டிப்ரீசியேஷன்' குதிரை வாயிலேயே இருக்கிறது!

அங்கேதான் அந்தச் செவலையைப் பார்த்தேன். பெண் குதிரை. பக்கத்தில் வேட்டியை மடித்துக் கட்டிய ஒரு பெரியவர். பேத்திக்குக் காலேஜ் ஃபீஸ் கட்ட விற்கிறாராம். ஒருவர் ஏற்கெனவே அவரோடு துண்டுக்குள் கையை விட்டிருந்தார்.

"கெட்டித் தரையில ஓட விட்டுப் பாக்காம குதிரை வாங்காதே" என்று என் வாத்தியார் சொல்லியிருந்தார். ஓட விட்டுக் காட்டச் சொன்னேன். இடது முன்னங்கால் தரையில் படும்போதெல்லாம் குதிரையின் தலை மேலே எகிறியது. குதிரை தன் எடையில் ஏறக்குறைய 60 சதவீதத்தை முன்னங்கால்களில்தான் தாங்குகிறது. வலிக்கிற காலில் பாரம் இறங்காமல் இருக்கத்தான் தலையைத் தூக்கிக்கொள்கிறது.

"ஐயய்யோ, முன்னங்கால் நொண்டுதே!" என்று கத்திவிட்டேன்.

துண்டுக்குள்ளிருந்த கை வெளியே வந்தது. கைக்குச் சொந்தக்காரர் நழுவிவிட்டார். பெரியவர் முகம் சுருங்கிப் போயிற்று. குதிரைக்குக் கடிவாளம் கண்டுபிடித்தவர்கள் என் வாய்க்கும் ஒன்று செய்திருக்கலாம்.

"லாரியில நின்னு வந்த அசதின்னு நெனச்சனுங்க அம்மிணி..." என்றார் மெதுவாக.

மனசு கேட்கவில்லை. ஓடிப்போய் லாடம் அடிப்பவர் ஒருவரைக் கூட்டி வந்தேன். காலைத் தூக்கி ஒவ்வோர் ஆணியாகச் சுத்தியலால் தட்டினார். மூன்றாவது ஆணியில் குதிரை வெடுக்கென்று காலை இழுத்தது. குளம்பின் வெளிச்சுவர் நம் நகம் மாதிரி. அதில் ஆணி அடித்தால் வலிக்காது. ஆணி கொஞ்சம் உள்ளே சாய்ந்து சதையை அழுத்தினால் போச்சு! பிடுங்கிப் போட்டுவிட்டு, "டாக்டர்கிட்ட காட்டி ரணஜன்னிக்கு ஊசி போட்ருங்க. நாலு நாளைக்கு யாரும் ஏறக் கூடாது" என்றார். ரணஜன்னி குதிரையைச் சுலபத்தில் பிடித்துக்கொள்ளுமாம்.

"ஐயா, என்னாலதானே வியாபாரம் கெட்டுது? நானே வாங்கிக்கறேன். அவர் கேட்ட விலையே தரேன்."

பெரியவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "எங்கீங்க கட்டுவீங்க?"

பதில் சொல்ல வாய் வரவில்லை. மொட்டை மாடிதான் ஞாபகம் வந்தது.

"குதிரை ஒத்தையில நிக்காதுங்க அம்மிணி. மண்ணு வேணும், கூட இன்னொரு சீவன் வேணும். உங்களுக்கு இது வேண்டாமுங்க."

"ஃபீஸுக்கு என்ன பண்ணுவீங்க?"

"எங்காச்சும் பொரட்டோணும். இந்தக் காலோட வித்திருந்தா வாங்கினவரு ஏறி ஓட்டியிருப்பாரு. வெலை அடுத்த சந்தையிலயும் வருமுங்க. போன காலு வருங்களா?"

கிளம்பும்போது அந்த ஆணியைக் கேட்டு வாங்கி ஹேண்ட்பேக்கில் போட்டுக்கொண்டேன். சீட்டுப் பணம் அப்படியே திரும்பி வந்தது.

"குதிரை எங்கே?" என்றார் வீட்டுக்காரர். ஆணியை மேஜைமேல் வைத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"மீதியெல்லாம் பார்சல்ல வருதா?"