உங்களுக்குத் தெரியுமா? குட்டி வீடுகள்

● குட்டி வீட்டு ஆசைக்காரர்கள் முதலில் சொல்லும் பெயர் ஹென்றி டேவிட் தோரோ. 1845இல் அமெரிக்காவின் வால்டன் குளக்கரையில் அவர் கட்டிக்கொண்ட வீடு 10 அடிக்கு 15 அடி. மொத்தச் செலவு 28 டாலர் 12½ சென்ட். எப்படிக் கட்டுப்படியானது? ரயில் பாதை போட வந்த ஒரு தொழிலாளியின் குடிசையை 4 டாலர் 25 சென்ட்டுக்கு வாங்கிப் பிரித்து, ஆணிகளைப் பிடுங்கி, பலகைகளை வண்டியில் கொண்டுவந்து புல்லில் பரப்பி வெயிலில் காயவைத்தார். அவர் வண்டியோடு போய்த் திரும்புவதற்குள் நல்ல ஆணிகளைப் பக்கத்து ஆள் பைக்குள் போட்டுக்கொண்டதையும் எழுதிவைத்திருக்கிறார். நிலம் நண்பர் எமர்சனுடையது. அம்மா வீடு நடந்து போகிற தூரம்தான். சாப்பாட்டுக்கு அங்கேயும் போய்வருவார். இதையெல்லாம் குட்டி வீட்டு விளம்பரங்களில் காணோம்.

● அமெரிக்கக் குட்டி வீடுகள் பலவற்றுக்குச் சக்கரம் வைத்தது ஊர் சுற்ற மட்டும் அல்ல. வீடு இத்தனை சதுர அடிக்குக் குறையக் கூடாது என்று பல ஊர்களில் கட்டட விதி. சக்கரம் மாட்டிவிட்டால் அது வீடில்லை, வண்டி! ஆனால் வண்டிக்கும் விதி உண்டே. தனி அனுமதி வாங்காமல் சாலையில் இழுத்துப்போக வேண்டுமானால் அகலம் எட்டரை அடியைத் தாண்டக் கூடாது. அதனால்தான் உள்ளே எல்லாமே நீளவாக்கில் ஓடுகிறது. படுக்கை பரணுக்கு ஏறிவிடுகிறது. வண்டி என்பதால் வழக்கமான வீட்டுக்கடனும் கிடைக்காது. நிலத்தோடு சேர்ந்த வீட்டுக்கு விலை ஏறும். இதற்கு வருஷத்துக்கு வருஷம் இறங்கும்.

● பரணில் படுப்பவருக்குக் கோடையில் வேகும், ஏனென்றால் சூடான காற்று மேலேதான் போய் நிற்கும். குளிர்காலத்தில் வேறு தொல்லை. இரண்டு பேர் விடும் மூச்சு, குளித்த ஆவி, அடுப்பில் கொதிக்கும் தண்ணீர், போதாததற்குக் கேஸ் எரிந்தாலே உண்டாகும் நீராவி, எல்லாம் குளிர்ந்த கண்ணாடியில் படிந்து வழியும். மெத்தையைத் தூக்கிப் பார்த்தால் அடியில் கறுப்பாகப் பூஞ்சை. விளம்பரப் படங்களைக் கவனியுங்கள்: ஒன்றிலாவது ஈரத் துணி காய்கிறதா?

● நாமக்கல் மாவட்டத்தைச் சேர்ந்த அருண் பிரபு என்ற கட்டடக்கலைஞர் ஓர் ஆட்டோவின் மேல் 36 சதுர அடியில் வீடு அமைத்துக் காட்டினார். செலவு ஏறத்தாழ 1 லட்சம் ரூபாய். ஓர் ஆளுக்குத் தாராளம். விருந்தாளி வந்தால் டீக்கடைதான்.

● பிரான்சின் கடலோரத்தில் கட்டடக்கலை மேதை லெ கார்புசியே தனக்குக் கட்டிக்கொண்ட மரக்குடில் 3.66 மீட்டருக்கு 3.66 மீட்டர். சண்டிகர் நகரத்தைத் திட்டமிட்ட அதே காலத்தில்தான், 1950களின் தொடக்கத்தில், இதையும் வரைந்தார். முக்கால் மணி நேரத்தில் வரைந்து முடித்ததாக அவரே சொல்லியிருக்கிறார். கழிப்பறைக்குக் கதவுக்குப் பதில் திரைச்சீலை. சமையலறை கிடையவே கிடையாது. பக்கத்து உணவகத்துக்குப் போக ஒரு கதவு மட்டும் வைத்துக்கொண்டார்! 2016இல் இது யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது.

● போலந்துத் தலைநகர் வார்சாவில், இரு கட்டடங்களுக்கு நடுவே செருகிய கெரெட் வீடு (2012) மிகக் குறுகிய இடத்தில் 92 சென்டிமீட்டர்தான். அந்நாட்டு விதிப்படி இது வீடாகாது. கலைப்படைப்பு என்று சொல்லி அனுமதி வாங்கினார்கள்.

● விரும்பிக் குறுகுவது ஒன்று, வழியில்லாமல் குறுகுவது வேறு. ஹாங்காங்கில் ஒரே ஃப்ளாட்டைப் பல துண்டாகத் தடுத்து வாடகைக்கு விடுகிறார்கள். 8 சதுர மீட்டருக்குக் குறைந்த துண்டு கூடாது என்று 2025இல் சட்டம் கொண்டுவந்தார்கள். லெ கார்புசியேவின் குடிலே 13 சதுர மீட்டருக்கு மேல்.

● டோக்கியோவில் கிஷோ குரோகாவா 1972இல் எழுப்பிய நகாகின் கோபுரத்தில் 140 பெட்டி வீடுகள். ஒவ்வொன்றும் சுமார் 10 சதுர மீட்டர். வட்டச் சன்னல், கட்டில், மடக்கு மேசை, விமானத்தில் இருப்பதுபோல் குளியலறை எல்லாம் உண்டு; இங்கும் சமையலறை இல்லை. 25 வருஷத்துக்கு ஒருமுறை பழைய பெட்டியைக் கழற்றிப் புதியதை மாட்டலாம் என்பது கணக்கு. நடைமுறையில், மேலே இருப்பதை எடுக்காமல் கீழே இருப்பதை அசைக்க முடியவில்லை. அத்தனை உரிமையாளர்களையும் ஒத்துக்கொள்ள வைத்துப் பணம் திரட்டுவது யார்? ஒரு பெட்டிகூட மாறவில்லை. கூரை ஒழுகியது, வெந்நீர் நின்றது. 2022இல் இடித்தபோது 23 பெட்டிகளை மீட்டார்கள். அவற்றில் ஒன்றை நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் காட்சிக்கு வைத்தது.