வட்டமாக ஒரு போர்க்கப்பல்!

கப்பல் என்றதும் நம் மனத்தில் தோன்றுவது கூரிய முகப்பும் நீண்ட உடலும்தான். ஆனால் 1873-இல் ரஷ்யா கருங்கடலில் இறக்கிய 'நோவ்கொரோட்' அப்படி இல்லை. நம் ஊர்ப் பரிசலைப் போல முழு வட்டம்! குறுக்களவு சுமார் 31 மீட்டர். நடுவில் இரண்டு பெரிய பீரங்கிகள், சுற்றிலும் இரும்புக் கவசம்.

உலகின் மிக மோசமான போர்க்கப்பல்களைப் பட்டியலிடுவோர் இதைத் தவறாமல் சேர்த்துவிடுகிறார்கள். அந்தப் பழி முழுக்க நியாயமானதா?

ஏன் வட்டம்?

கிரிமியப் போரில் தோற்ற ரஷ்யா, 1856 பாரிஸ் உடன்படிக்கையின்படி கருங்கடலில் போர்க்கடற்படை வைத்துக்கொள்ள முடியாமல் போனது. சில சிறு கப்பல்களுக்கு மட்டுமே அனுமதி. 1870-இல் அந்தக் கட்டுப்பாட்டை ரஷ்யா உதறியது. உடனடித் தேவை, நினீப்பர் நதியின் முகத்துவாரத்தையும் கெர்ச் நீரிணையையும் காப்பது. இரண்டுமே ஆழம் குறைந்த இடங்கள். கனத்த பீரங்கியும் தடித்த கவசமும் கொண்ட கப்பல் ஆழத்தில் அமிழும், அங்கே தரைதட்டிவிடும்.

ஸ்காட்லாந்துக் கப்பல் கட்டுநர் ஜான் எல்டர் 1868-இல் முன்வைத்த யோசனை இங்கே கைகொடுத்தது. ஒரே நீளமுள்ள சுவரால் மிக அதிகப் பரப்பை வளைக்கும் வடிவம் வட்டமே. ஆகவே குறைந்த கவசத்தில் அதிக எடையைத் தாங்கலாம். ரஷ்யக் கடற்படைத் தளபதி ஆந்திரேய் போப்போவ் இதை இறுதிவரை கொண்டுபோய் முழு வட்டமாகவே வரைந்தார். சுமார் 2,500 டன் எடையுள்ள நோவ்கொரோட் நீருக்குள் அமிழ்ந்தது வெறும் 4 மீட்டருக்குச் சற்று அதிகம்தான்!

அதன் பாகங்கள் செயிண்ட் பீட்டர்ஸ்பர்க்கில் செய்யப்பட்டு, தெற்கே நிக்கோலாயேவில் பூட்டப்பட்டன. இதைவிடப் பெரிய இரண்டாவது வட்டக் கப்பலுக்குப் போப்போவின் பெயரையே சூட்டினார்கள். மக்கள் இவ்விரண்டையும் 'போப்போவ்கா' என்று அழைத்தனர்.

நகர்ந்தபோது வந்த வினை

மிதப்பதில் குறையில்லை, ஓடுவதில்தான் சிக்கல். ஆறு நீராவி எஞ்சின்கள் ஆறு உந்துவிசிறிகளைச் சுழற்றியும் நோவ்கொரோட்டின் வேகம் மணிக்கு 6 அல்லது 7 கடல் மைல்தான். நிலக்கரியோ தண்ணீராய்ச் செலவானது. மொத்தையான உடல் நீரோட்டத்தை மறைத்ததால் சுக்கானுக்குப் பிடிப்பில்லை. திரும்புவதற்கு உந்துவிசிறிகளையே நம்ப வேண்டியிருந்தது.

பீரங்கி சுட்டால் கப்பலே பம்பரமாய்ச் சுற்றும் என்பது பிரபலமான கதை. உண்மையில் சுற்றியது பீரங்கிதான். அதன் சுழல்மேடையைப் பிடித்திருந்த பூட்டு, தொடக்கத்தில் வலுவில்லாமல் இருந்தது. பிறகு அதைச் சரிசெய்தார்கள். 1877-78 துருக்கியப் போரில் இந்தக் கப்பல்களின் முக்கிய வேலை ஒடெசாவைக் காவல் காப்பது. பெரிய சண்டை எதையும் அவை பார்க்கவில்லை.

கடலில் நெடும்பயணம் போகவும் இதே பாணியைப் பயன்படுத்தியபோதுதான் பெரிய அடி விழுந்தது. மன்னர் இரண்டாம் அலெக்சாண்டருக்காக ஸ்காட்லாந்தில் கட்டப்பட்ட 'லிவாடியா' உல்லாசக் கப்பலின் அடிப்பாகம் அகன்று தட்டையாக இருந்தது. 1880 அக்டோபரில் பிஸ்கே விரிகுடாப் புயலில் அலைகள் அந்தத் தட்டை அடிப்பாகத்தைச் சம்மட்டியாய் அறைந்தன. சேதமடைந்த கப்பல் ஸ்பெயினின் ஃபெரோல் துறைமுகத்தில் ஒதுங்கியது. மறு ஆண்டு மார்ச்சில் மன்னர் கொல்லப்பட்டார்.

நோவ்கொரோட் 1911-இல் பழைய இரும்பாக விற்கப்பட்டது. ஆனால் வட்டம் கடலை விட்டு மறையவில்லை. 2016-இல் நார்வேக்கு வடக்கே எண்ணெய் எடுக்கத் தொடங்கிய 'கோலியாட்' மிதவைத் தளத்தின் உடலும் வட்டம்தான். அது எங்கும் ஓட வேண்டியதில்லை. நங்கூரமிட்ட இடத்தில் நின்று, கனத்தைச் சுமந்தால் போதும்.

போப்போவின் வட்டத்துக்குத் தெரிந்ததும் அந்த வேலைதான்.