கரியாலூர் ஏறிவிட்டு ஜெர்மனி போங்கள்

"அண்ணே, ஜெர்மனியில கார் வாடகைக்கு எடுத்து ஓட்டப் போறோம். வழி காட்டுற கார்மின் கருவி வாங்கணுமா, போனே போதுமா?"

எங்கள் பக்கத்தில் வெளிநாட்டுக்கு டிக்கெட் போட்ட பையன்கள் என்னிடம் இதைக் கேட்காமல் விமானம் ஏறுவதில்லை. ஓமானில் பல வருடம் வண்டி ஓட்டியவன் நான். இப்போது கள்ளக்குறிச்சியில் டெம்போ டிராவலர் வைத்து கல்வராயன்மலைக்குச் சவாரி அடிக்கிறேன். அந்த உரிமையில் கேட்கிறார்கள். என் பதில் எப்போதும் ஒன்றுதான்: "முதல்ல போனை ஃப்ளைட் மோடுல போட்டுக்கிட்டு கச்சிராயபாளையத்துல இருந்து கரியாலூர் வரைக்கும் ஏறிப் பாரு தம்பி. கார்மினைப் பத்தி அப்புறம் பேசலாம்."

கேலி செய்கிறேன் என்று நினைத்துக்கொள்வார்கள். கேலி இல்லை. கோமுகி அணையைத் தாண்டி கொண்டை ஊசி வளைவுகள் தொடங்கும்போது போனைக் கவனியுங்கள். நீலப் புள்ளி வண்டியோடு சேர்ந்து வளைந்து வளைந்து ஏறிக்கொண்டே இருக்கும். ஆனால் அந்தப் புள்ளிக்குக் கீழே சாலை இருக்காது, வெறும் சாம்பல் கட்டம்தான். "ஜிபிஎஸ் வேலை செய்யல" என்று போனைத் தட்டுவார்கள். ஜிபிஎஸ் நன்றாகத்தான் வேலை செய்கிறது, வராதது மேப். இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தவனைக் கருவி விற்கும் கடைக்காரரால் அவ்வளவு சுலபமாக ஏமாற்ற முடியாது.

சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் அமெரிக்காவின் ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் பூமியைச் சுற்றுகின்றன. ஒவ்வொன்றிலும் அணுக் கடிகாரம் உண்டு. இப்போது மணி என்ன, தாம் எங்கே இருக்கிறோம் என்பதை அவை ஓயாமல் ஒலிபரப்பிக்கொண்டே இருக்கும். அந்தச் செய்தி வந்துசேர எவ்வளவு நேரம் பிடித்தது என்பதை வைத்து உங்கள் போன் தூரத்தைக் கணக்குப் போடுகிறது. நான்கு செயற்கைக்கோள்களின் செய்தி கிடைத்தால் இடம் தெரிந்துவிடும். ரேடியோ கேட்பதைப் போலத்தான்: நம் போன் வானத்துக்கு எதையும் அனுப்புவதில்லை. அதனால் இதற்கு சிம் வேண்டாம், டேட்டா வேண்டாம், ரோமிங் கட்டணமும் கிடையாது. 

ராணுவத்துக்காக வந்த ஏற்பாடு இது. 1983இல் வழிதவறிய கொரியப் பயணிகள் விமானத்தை சோவியத் போர் விமானம் சுட்டு வீழ்த்திய பிறகுதான் பொதுமக்களும் பயன்படுத்தலாம் என்று அமெரிக்கா அறிவித்தது. அப்போதும் பொதுமக்களுக்கான சிக்னலில் வேண்டுமென்றே பிழை கலந்திருந்தார்கள். 2000 மே மாதம் அதை நிறுத்திய பிறகே வண்டியில் வைத்து நம்பி ஓட்டும் அளவுக்குத் துல்லியம் வந்தது. இன்று ரஷ்யாவின் குளோனாஸ், ஐரோப்பாவின் கலிலியோ, சீனாவின் பெய்டோ எல்லாவற்றையும் சேர்த்தே பெரும்பாலான போன்கள் கேட்கின்றன. 2013இலிருந்து இஸ்ரோ ஏவிவரும் நம் நாவிக் செயற்கைக்கோள்களையும் சில போன்கள் பிடிக்கும்.

இன்டர்நெட் உதவும் இடம் ஒன்று உண்டு. எந்தச் செயற்கைக்கோள் எங்கே இருக்கிறது என்ற பட்டியலைப் போன் நெட்டிலிருந்து சட்டென்று எடுத்துக்கொள்ளும். நெட் இல்லாவிட்டால் அதை வானத்திலிருந்தே மெதுவாக வாங்க வேண்டும். அரை நிமிடத்திலும் முடியலாம், பல நிமிடமும் இழுக்கலாம். விமானத்தில் வேறு கண்டத்துக்குப் போய் இறங்கிய போனுக்கு இந்தத் தாமதம் சகஜம். ஆகவே விமான நிலையத்தின் பார்க்கிங் கட்டடத்துக்குள் நின்றுகொண்டு "லொகேஷன் காட்டலையே" என்று பதறாதீர்கள். வானம் தெரியும் இடத்துக்கு வந்து, நின்று, நீலப் புள்ளி நிலைத்த பிறகு வண்டியை எடுங்கள்.

ஆக, இடம் வானத்திலிருந்து இலவசமாக வருகிறது. மேப்பைத்தான் வீட்டிலிருந்து எடுத்துப் போக வேண்டும். கூகுள் மேப்ஸில் போக வேண்டிய பகுதியைக் கட்டம் போட்டு முன்கூட்டியே இறக்கிக்கொள்ளலாம். அப்படி இறக்கியதில் கார் வழி மட்டும் வரும். நடந்து போகும் வழியும் டிராஃபிக் நிலவரமும் வராது. நாளாக நாளாக அது காலாவதியும் ஆகும். கூடவே ஆர்கானிக் மேப்ஸ், ஓஸ்மாண்ட் இரண்டில் ஒன்றையும் போட்டுக்கொள்ளச் சொல்வேன். இவை ஓப்பன் ஸ்ட்ரீட் மேப் என்ற பொது வரைபடத்தை வைத்து இயங்குபவை. 2004இல் இங்கிலாந்தில் தொடங்கி, உலகம் முழுக்கத் தன்னார்வலர்கள் வரைந்து சேர்த்துக்கொண்டிருக்கும் வரைபடம் அது. நாடு நாடாக முழுசாக இறக்கிவிடலாம். ஜெர்மனி போன்ற பெரிய நாடு ஜிபி கணக்கில் இடம் கேட்கும், வீட்டு வைஃபையில் இறக்குங்கள். ஒரே மேப்பை நம்பிப் போகாதே என்பது என் கட்சி. இரண்டு மேப்பும் ஒரே வழியைச் சொன்னால் நிம்மதி. வேறு வேறு சொன்னால் நிறுத்தி யாரையாவது கேட்க வேண்டும் என்று அர்த்தம்.

இதற்கும் நம்ம மலையே பாடம். கல்வராயன்மலை 1976 வரை ஜாகிர்தார்கள் கையில் இருந்தது. அதற்குப் பிறகுதான் அரசாங்கம் எடுத்துக்கொண்டது. சாலையெல்லாம் தாமதமாக, துண்டு துண்டாக வந்தவை. 2024இல் சென்னை உயர் நீதிமன்றம் மலைவாழ் மக்களின் நிலை பற்றித் தானாக முன்வந்து வழக்கு எடுத்தபோது, சாலை வசதி அதில் பெரிய பேச்சு. இப்படி மாறிக்கொண்டிருக்கும் இடத்தில் தார் சாலையும் மண் பாதையும் மேப்பில் ஒரே மாதிரி வெள்ளைக் கோடாகத் தெரியும். ஜீப் மட்டும் போகும் தடத்தை "ஏழு நிமிடம் மிச்சம்" என்று காட்டும். மழை பெய்த மறுநாள் அந்த ஏழு நிமிடத்தை நம்பிப் போன காரை இழுக்க டிராக்டர் தேட வேண்டும்.

பெயர்க் குழப்பம் தனி. வெள்ளிமலை என்று அடித்தால் நம்ம கல்வராயன்மலை தாலுகாவின் தலைமையிடமும் வரும், கன்னியாகுமரி மாவட்டத்து வெள்ளிமலையும் வரும். வெறுமனே "கல்வராயன்" என்று போட்டால் குறி மலைத்தொடரின் நடுவில் எங்கேயோ விழும். சேலம் மாவட்டத்திலும் இந்த மலை பரந்து கிடக்கிறது. எங்கள் பக்கம் இருக்கும் மேகம் அருவிக்கு என்று கிளம்பியவர்கள் ஆத்தூர் பக்கம் போய்க் கருமந்துறைக்காரர்களிடம் வழி கேட்பதும் நடக்கிறது. ஊரையும் மாவட்டத்தையும் சேர்த்துப் போடுங்கள், அல்லது அங்கே இருப்பவரிடம் வாட்ஸ்அப்பில் லொகேஷன் வாங்குங்கள்.

இன்னொன்று, எங்கள் ஊருக்கே உரியது: பைக் மோடு. கூகுள் 2017 கடைசியில் இந்தியாவில்தான் இரு சக்கர வாகன வழியைக் கொண்டுவந்தது. வாரம் முழுக்க பைக்கில் மேப் போட்டவர், ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு காரில் ஏறி அதே மோடில் கிளம்புவார். சங்கராபுரத்துச் சந்துக்குள் கார் போய் நிற்கும், பின்னால் நானும் நிற்பேன். வெளிநாட்டில் கிளம்பும் முன்னும் மேப்பின் இந்த அமைப்புகளைப் பாருங்கள்: கார்தானா, சுங்கச் சாலை வேண்டுமா வேண்டாமா, படகில் கடக்கும் வழியைத் தவிர்க்கச் சொன்னோமா. மண் சாலையைத் தவிர்க்கும் வசதி கார்மினிலும் ஓஸ்மாண்டிலும் உண்டு. ஆஸ்திரேலியா, ஓமான் போகிறவர்கள் அதைக் கட்டாயம் போட்டு வையுங்கள்.

ஓமான் என்றதும் ரஸ்தாக் ஞாபகம் வருகிறது. அங்கிருந்து மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் அல் ஹம்ராவுக்குப் போக வேண்டும். மேப் போட்டால் வாதி பனி அவ்ஃப் வழியாக மலையைக் குறுக்கே வெட்டி ஒரு கோடு. தூரம் பாதிதான். டீக்கடை வைத்திருந்த மலையாளி என் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து டயரைப் பார்த்தார். "ஃபோர் வீல் அல்லல்லோ? போகண்டா சேட்டா" என்றார். ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம், ஒரு வண்டி அகலத்துக்குச் சரளைக்கல் பாதை. மழை பிடித்தால் வாதி எனும் அந்தப் பள்ளத்தாக்கு முழுக்க வெள்ளம். அவருக்கு ஒரு டீக்குக் காசு கொடுத்துவிட்டு நெடுஞ்சாலையில் சுற்றிப் போனேன். ஜெபல் அக்தர் மலைக்குப் போனால் அடிவாரத்திலேயே போலீஸ் சோதனைச் சாவடி. ஃபோர் வீல் டிரைவ் இல்லாத வண்டியை மேலே விட மாட்டார்கள். இதையெல்லாம் மேப் சொல்லாது.

மேப்பை மட்டும் நம்பியதன் விலை சில நேரம் பெரியது. 2012இல் ஆஸ்திரேலியாவில் ஆப்பிள் மேப்ஸ், மில்டுரா நகரத்தை அது இருக்கும் இடத்திலிருந்து சுமார் 70 கிலோமீட்டர் தள்ளி, தண்ணீரே இல்லாத தேசியப் பூங்காவுக்குள் காட்டியது. அங்கே போய் மாட்டிக்கொண்டவர்களை மீட்ட விக்டோரியா போலீஸ் பொது எச்சரிக்கையே விட்டது. 2024 ஜனவரியில் நம்ம கூடலூரில் மேப் காட்டிய வழியில் போன கார் படிக்கட்டில் இறங்கி நின்றது. அதே ஆண்டு நவம்பரில் உத்தரப்பிரதேசத்தின் பரேலி அருகே, வெள்ளத்தில் ஒரு பகுதி அடித்துச் செல்லப்பட்ட பாலத்தில் ஏறிய கார் ஆற்றில் விழுந்து மூன்று பேர் இறந்தார்கள். பாலம் உடைந்தது மேப்புக்குத் தெரியாது, சாலையில் தடுப்பும் வைக்கப்படவில்லை.

சரி, கார்மின் வாங்கலாமா? கார்மின், டாம்டாம் பெட்டிகளில் மேப் உள்ளேயே இருக்கும், டவர் பிரச்சினை கிடையாது. ஆனால் எந்தப் பகுதிக்கு வாங்கினீர்களோ அந்தப் பகுதிக்குத்தான் மேப். அமெரிக்காவிலிருந்து வந்த மச்சான் ஒருவர் அங்கே வாங்கியதை ஆசையாகக் கொண்டுவந்தார். கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் நின்று என் வண்டிக் கண்ணாடியில் ஒட்டிப் பார்த்தோம். ஏறக்குறைய வெற்றுத் திரையில் ஒரு அம்புக்குறி நின்றது. வட அமெரிக்க மேப் மட்டும்தான் அதில் இருந்தது. 

சில வாரச் சுற்றுலாவுக்குப் போகிறவர் தனிக் கருவி வாங்குவது வீண் செலவு என்பேன். மாதக்கணக்கில் ஓட்டுபவர், வண்டியின் உயரமும் எடையும் பார்த்து வழி தேட வேண்டிய லாரி ஓட்டுநர், பாலைவனத்திலும் மலையிலும் சுற்றுபவர் வாங்கலாம். வாடகைக் கார் நிறுவனத்தில் தினக் கட்டணத்துக்குக் கருவி கொடுப்பார்கள். பணம் கட்டும் முன் அதை ஆன் செய்து, எந்த ஆண்டு மேப், எந்தெந்த நாடு இருக்கிறது, மொழியை மாற்ற முடிகிறதா என்று பாருங்கள்.

போன் போதும் என்று முடிவு செய்தால் ஹோல்டருக்கும் சார்ஜருக்கும் கஞ்சத்தனம் வேண்டாம். வளைகுடா வெயிலில் கண்ணாடியில் ஒட்டிய போன் சூடேறித் தானே அணைந்துவிடும். ஆப்பிள் நிறுவனமே ஐபோனை 35 டிகிரி வரையிலான வெப்பத்தில்தான் பயன்படுத்தச் சொல்கிறது. ஏசி காற்று வரும் துளையில் மாட்டும் ஹோல்டர் வாங்குங்கள். குரலைத் தமிழில் வைத்துக்கொள்ளலாம், ஆனால் வெளிநாட்டுத் தெருப் பெயரை அது படிக்கும் அழகில் பலகையைத் தவற விட வாய்ப்புண்டு. எனக்கு ஆங்கிலக் குரல்தான் சரிப்பட்டது.

நாட்டுக்கு நாடு பழக்கம் வேறு. சிங்கப்பூரில் ஆறு இலக்க அஞ்சல் எண்ணை அடித்தால் கட்டடத்தின் வாசலுக்கே போய்விடலாம். ஜப்பானில் வாடகைக் காரின் நேவிகேஷனில் போக வேண்டிய ஹோட்டலின் போன் நம்பரை அடித்தால் போதும். தென் கொரிய அரசு துல்லியமான வரைபடத்தை வெளிநாட்டுக்கு அனுப்ப நீண்ட காலம் அனுமதிக்காததால், அங்கே கார் ஓட்டுபவர்கள் நேவர், காகாவ் மேப்களையே நம்புகிறார்கள்.

சட்டத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஸ்விட்சர்லாந்தில் வேகக் கேமரா இருக்கும் இடத்தை எச்சரிக்கும் வசதி உள்ள கருவி வைத்திருந்தாலே பறிமுதல், அபராதம். ஜெர்மனியில் ஓட்டும்போது அந்த வசதியைப் பயன்படுத்தத் தடை. வெளிநாட்டிலிருந்து ஊருக்கு வருகிறவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும்: வழி காட்டும் சாதாரண ஜிபிஎஸ் வேறு, செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் கருவி வேறு. கார்மின் இன்ரீச் போன்ற இரண்டாவது வகையை அனுமதியில்லாமல் இந்தியாவுக்குள் கொண்டுவருவது குற்றம். இதைத் தெரியாமல் கொண்டுவந்த வெளிநாட்டுப் பயணிகள் நம் விமான நிலையங்களில் கைதாகியிருக்கிறார்கள்.

கடைசியாக, மேப்பெல்லாம் சரியாக இறக்கிவைத்துவிட்டு, ஓட்ட அனுமதி இல்லாமல் வாடகைக் கார் கவுன்டரில் நிற்பவர்களும் உண்டு. சர்வதேச ஓட்டுநர் அனுமதிக்கு, ஆர்டிஓ அலுவலகத்தில் படிவம் 4ஏ கொடுத்து விண்ணப்பிக்க வேண்டும், பரிவாகன் தளத்திலும் செய்யலாம். பாஸ்போர்ட் நகல் வேண்டும், கட்டணம் 1,000 ரூபாய். அது ஒரு வருடத்துக்குத்தான் செல்லும். இங்கேயே வாங்கிக்கொண்டு கிளம்புங்கள், ஒரிஜினல் லைசென்ஸையும் மறக்காமல் கையில் வையுங்கள்.